ஒன்றை எங்கே கூட்டுவது

ஆராய்ச்சி மாணவர்களான நீங்கள் உங்கள் மலருக்கு அனுபவம் எழுதுங்கள் மேடம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் வெற்றிகளை எழுதினால் அரைப் பக்கம் வராது. தவறுகளை எழுதினால் உங்களுக்குப் படிக்க நேரம் போதாது. அதனால் ஒன்றை மட்டும் எழுதுகிறேன். இது கணக்குத் தவறாகத் தொடங்கி வேறொரு தவறாக முடிந்தது.

நான் ஓர் அரசுக் கல்லூரியில் இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். வீடு செஞ்சியில். தினமும் பஸ்ஸில் போய் வந்து, வாரத்துக்குப் பதினாறு மணி நேரம் வகுப்பெடுத்து, மிச்ச நேரத்தில் ஆராய்ச்சி செய்தவள். பென்சிலும் தாளும் இருந்தால் நடக்கிற வேலை என்பதால்தான் இந்தத் துறையே எனக்குக் கட்டுப்படியானது. நைனா, எங்கள் அப்பா, பக்கத்து வல்லத்தில் அடுத்தவர் கொல்லையில் கூலிக்கு நிலக்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கிக்கொண்டிருந்தார். ஆய்வகம் கட்டித் தருகிற வசதி அவருக்கு இல்லை.

நம் வேலை என்ன என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இதை உங்கள் வீட்டிலும் யாராவது எடுத்துப் படிப்பார்கள். அவர்களுக்காக நாலு வரி சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெல்லிய படலம் ஒன்றில் எலக்ட்ரான்களை அடைத்து, நன்றாகக் குளிரவைத்து, பலமான காந்தப்புலத்தில் வைத்தால், அவை தனித்தனியாக நடந்துகொள்வதில்லை. இருக்கிற இடங்களில் சரியாக மூன்றில் ஒரு பங்கு, ஐந்தில் இரண்டு பங்கு என்று ஒரு பின்னத்தில் நிரம்பி உட்கார்ந்துவிடுகின்றன. அந்தப் பின்னம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நம் பிழைப்பு. எலக்ட்ரான்களைத் தனித்தனியாக எழுதாமல், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு சதுரக் கட்டத்தில், அதாவது ஓர் அணியில், எழுதுகிறோம். கட்டத்தை எப்படிக் கலைத்து அடுக்கினாலும் இயற்பியல் மாறக் கூடாது என்று நிபந்தனை போடுகிறோம். கேஜ் கோட்பாடு என்று பெரிய பேராகச் சொல்வது இதைத்தான். அந்த நிபந்தனையில் k என்று ஒரு முழு எண் வரும். சாதாரணக் கணக்கில், நிரம்பும் பங்கு k-யில் ஒன்று. குவாண்டம் கணக்கில் அந்த k-யோடு ஒன்று கூடிவிடும். k இரண்டு என்றால் பங்கு மூன்றில் ஒன்று. கட்டத்தின் ஒவ்வோர் அறையிலும் ஒழிக்கவே முடியாத ஒரு சின்ன நடுக்கம் உண்டு, அதனால் வருகிற ஒன்று அது. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மேலே படிக்கலாம்.

எலக்ட்ரான்கள் ஒரே வகையாக இல்லாமல் p வகை இருந்தால் பங்கு என்ன? பல வருஷங்களுக்கு முன் நான் ஒரு கட்டுரையில் இதற்கு விடை எழுதியிருந்தேன். k-யோடு ஒன்றைக் கூட்டு, வகை எண்ணிக்கையை அதால் வகு, அவ்வளவுதான் என்று. நிரூபணம் எழுதவில்லை. ‘எளிதில் காணலாம்’ என்று ஒரு வரி போட்டு நகர்ந்துவிட்டேன். என் பெயரை நாலு பேருக்குத் தெரியவைத்த கட்டுரை அதுதான்.

ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கும்போது ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆய்வேடு மதிப்பீட்டுக்கு வந்தது. இந்தத் துறையில் தமிழ்நாட்டில் இருப்பவர்களைத் திரட்டினால் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவோம், ஆகவே சுற்றிச் சுற்றி நமக்குத்தான் வரும். ஆய்வு மாணவியைப் பத்மா என்று வைத்துக்கொள்வோம். எண்பதாம் பக்கம் வரை நன்றாகவே இருந்தது. அங்கே என் கேள்வியையே எடுத்துக்கொண்டு, k-யோடு ஒன்றைக் கூட்டாமல் p-யைக் கூட்டியிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. கூட வேண்டியது ஒன்று என்று பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியுமே, இவள் எங்கிருந்து p-யைக் கொண்டுவந்தாள் என்று தோன்றியது.

அப்போது பரீட்சைக் காலம். மேசையில் விடைத்தாள் கட்டுகள் மலையாகக் கிடந்தன. பத்மாவின் நிரூபணம் பதினொரு பக்கம். நான் அந்தப் பதினொரு பக்கத்தைப் படிக்கவில்லை. முடிவு தப்பு என்று தெரிந்தபின் வழியைப் படித்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். சரியான சூத்திரம் இன்னது என்று என் சூத்திரத்தை எழுதி, அத்தியாயத்தைத் திருத்தி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று அறிக்கை அனுப்பிவிட்டு விடைத்தாள் திருத்தப் போய்விட்டேன்.

மறுசமர்ப்பிப்பு என்றால் ஆறு மாதம் போகும். அது எனக்குத் தெரியும். அந்த ஆறு மாதம் அவளுக்கு என்ன என்பது தெரியாது.

மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. கோட்டைக்குப் போகும் சுற்றுலா வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. மாடியில் குரங்கு வடகத்தை இழுத்துக்கொண்டு போகிறதென்று நான் கம்போடு நின்றிருந்தேன். கேட்டில் ஒரு பெண் வந்து நின்றாள்.

“மேடம், எம் பேரு பத்மா. தொண்டூர்தான். உங்க கிட்டதான் என் ஆய்வேடு வந்துச்சு.”

கையில் கம்போடு இறங்கி வந்தேன். பார்க்கிறவர்கள் அடிக்கப் போகிறேன் என்றுதான் நினைத்திருப்பார்கள். தேர்வாளர் யார் என்று மாணவருக்குத் தெரியக் கூடாது, தெரிந்தாலும் தேடி வரக் கூடாது. இது நம் தொழிலில் எழுதியும் எழுதாமலும் இருக்கிற விதி.

“நான்னு யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல மேடம். ரிப்போர்ட் காப்பில பேர மறைச்சிட்டுத்தான் குடுத்தாங்க. ஆனா அந்த பார்முலா இருந்துச்சே. அத உங்களத் தவிர வேற யாரு அவ்ளோ அடிச்சி எழுதுவாங்க?”

வாய்த்துடுக்குக்காரி. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள்.

“அத உள்ள வையி. நான் பாக்க மாட்டேன். நீ இங்க வந்ததே தப்பு, தெரியுமா?”

“தெரியும் மேடம். ஜூலைக்குள்ள பட்டம் கையில இல்லன்னா எனக்குக் கெடச்ச வேல போய்டும். ஆராய்ச்சி வேல. அஞ்சு வருஷம். இன்னொரு வாட்டி கெடைக்காது.”

“அதுக்கு நான் இன்னா பண்றது? திருத்தி எழுது.”

“சரியா இருக்கறத எப்டி மேடம் திருத்தறது?” தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பதில் கூட சொல்ல வேணாம். உங்க பார்முலால k-க்கு ஜீரோ போட்டா இன்னா வருது மேடம்?”

“கிளம்பு” என்றேன். கிளம்பிவிட்டாள்.

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருந்தார். “வெயில்ல வந்த பொண்ணு, ஒரு சொம்பு தண்ணி கூட குடுக்காம தொரத்திட்ட” என்றார்.

k பூஜ்யம். என் நெறியாளர் எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் முதலில் பூஜ்யத்தைப் போட்டுப் பார்ப்பார். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது அவருக்கு வேதம். அந்த மனிதரிடம் ஆறு வருஷம் படித்துவிட்டு, என் சொந்தச் சூத்திரத்துக்கு மட்டும் அந்த ஒரு சோற்றை நான் நசுக்கிப் பார்க்கவில்லை.

பால் கணக்கு நோட்டின் கடைசித் தாளில் போட்டுப் பார்த்தேன். k பூஜ்யமானால் என் சூத்திரம் பங்கு p என்கிறது. ஆனால் k பூஜ்யம் என்றால் அந்தக் கோட்பாட்டில் வகைகளைச் சுமக்கிற பகுதியே காலியாகிவிடும். வகையே இல்லாத இடத்தில் வகை எண்ணிக்கை எப்படி விடையில் வரும்? பத்மாவின் சூத்திரத்தில் போட்டேன். p-யை p-யால் வகுத்து ஒன்று. வர வேண்டியது அதுதான்.

அப்போதும் மனம் ஒப்பவில்லை. k பூஜ்யமாகவே இருக்க, இரண்டு எலக்ட்ரான், இரண்டு வகை என்று எடுத்துக்கொண்டேன். கட்டத்தில் நாலு அறை. அறைக்கு அரை அளவு நடுக்க ஆற்றல், மொத்தம் இரண்டு. என் சூத்திரத்தின்படி இரண்டு எலக்ட்ரானும் ஒரே இடத்தில் ஏறி உட்காரும், ஆற்றல் ஒன்றுதான் வரும். நடுக்கத்தை ஒழிக்க முடியாது என்று வருஷா வருஷம் வகுப்பில் சொல்கிறவள் நான். இரண்டுக்குக் கீழே போக வழியே கிடையாது.

ஒன்று கூடும் என்பது சரிதான். k-யை வகை எண்ணிக்கையால் வகுத்த பிறகு அந்த ஒன்றைக் கூட்ட வேண்டும், பிறகு அதைத் தலைகீழாக்க வேண்டும். நான் வகுப்பதற்கு முன்பே கூட்டிவிட்டேன். ஒரே ஒரு வகை இருக்கும்போது இரண்டும் ஒரே விடையைத் தரும், அதனால்தான் இத்தனை வருஷம் யாருக்கும் உறைக்கவில்லை. சரியான விடையை எழுதியவளை வாசலில் நிறுத்தித் துரத்திவிட்டேன் என்று நினைக்கையில் எனக்கு அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு அவளுடைய பதினொரு பக்கத்தையும் படித்தேன். சுத்தமான வேலை. நான் செய்திருக்க வேண்டிய வேலை.

இது வரைக்கும் உங்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் சின்னது. எல்லைகளில் போட்டுப் பாருங்கள், உங்கள் சொந்தச் சூத்திரத்தை மற்றவருடையதைவிட அதிகமாகச் சந்தேகப்படுங்கள். இதை எந்தப் பாடப்புத்தகமும் சொல்லும். நான் எழுத உட்கார்ந்தது அடுத்ததற்காக.

மறுநாளே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினேன். என் அறிக்கை தவறு, ஆய்வேடு சரி, பிழை என் பழைய கட்டுரையில் இருக்கிறது, இதோ காரணம் என்று விவரமாக. அதில் எனக்குத் தயக்கம் இல்லை. தயக்கமெல்லாம் ஒரே ஒரு விஷயத்தில். அவள் வீட்டுக்கு வந்ததை எழுதுவதா, வேண்டாமா?

எழுதினால் விதியை மீறியதற்காக அவளைப் பிடித்துக்கொள்வார்கள். அதோடு அவள் தொண்டூர், நான் செஞ்சி, பக்கத்துப் பக்கத்து ஊர். முதலில் கூடாது என்ற அம்மாள், ஊர்க்காரப் பெண் வீட்டுக்கு வந்துபோனதும் ஆகட்டும் என்று எழுதிவிட்டாள் என்று பேசுவார்கள். என் காரணம் எத்தனை சரியாக இருந்தாலும் அந்தப் பேச்சு அவள் பட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும். எழுதாவிட்டால் கணக்கு மட்டும்தான் பேசும். கணக்கு சரி. பிறகென்ன?

வீட்டுக்காரரிடம் கேட்டேன். “எழுதிடு” என்றார்.

“எழுதுனா அந்தப் பொண்ணுக்குத்தாங்க கஷ்டம்.”

“ஃபைல்ல இருக்கறது கஷ்டம்தான். ஆனா அது அன்னியோட முடிஞ்சிடும். ஃபைல்ல இல்லாதது இருக்குது பாரு, அது எப்ப வரும்னே தெரியாது. முப்பத்தி நாலு வருஷம் பாத்துட்டேன்.”

அவருக்கு என்ன தெரியும், இது என்ன பட்டா மாறுதலா என்று நினைத்துக்கொண்டேன். எழுதவில்லை. அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று மனசார நம்பினேன். இதையும் சொல்லிவிடுகிறேன்: வாசலில் அவளை நான் பேசிய பேச்சு எந்த ஃபைலிலும் ஏறாது என்பதும் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

திருத்திய அறிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். ஜூன் மாதம் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. தேர்வாளராக நான் போக வேண்டும். காலையில் முதல் பஸ் பிடித்துப் போனேன். வைவாவுக்குத் தலைமை வகித்த பேராசிரியர் நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். அவர் அறையில் காபி கொடுத்து ஒரு படிவத்தை நீட்டினார். மாணவரோடு எனக்கு மதிப்பீட்டுக் காலத்தில் எந்தத் தொடர்பும் இல்லை என்று அச்சடித்திருந்தது. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இப்படி ஒன்றை நீட்டுவார்கள், நாமும் படிக்காமல் போட்டுவிடுவோம். அன்று நான் படித்தேன். படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

பத்து நிமிஷம் கழித்துக் கருத்தரங்க அறை. ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பத்மாவின் அப்பா முதல் வரிசையில் வெள்ளை வேட்டியோடு இருந்தார். அறுப்பு நாளில் வேலையை விட்டுவிட்டு வந்ததாகப் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் உதவியாளர் பத்மாவிடம் அதே மாதிரி ஒரு படிவத்தைக் கொண்டுபோனார். அவள் பேனாவைத் திறந்தாள், படித்தாள், மூடிவிட்டாள்.

“சார், இதுல நான் கையெழுத்து போட முடியாது.”

தலைவர் நிமிர்ந்தார். “ஏம்மா?”

“தேர்வாளரப் பாக்கலன்னு இருக்குது. நான் பாத்தேன். மேடம் வீட்டுக்குப் போனேன். மேடம் உள்ள கூட வுடல, பேப்பரையும் வாங்கல. ஆனா நான் போனேன் சார். போகலன்னு எப்டி போடறது?”

தலைவர் தன் கோப்பைத் திறந்து என் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த அரை நிமிஷத்தில் எனக்குள் ஓடியதை மறைக்க மாட்டேன். யாரோ ஒரு பெண் வந்தாள், யாரென்றே கேட்காமல் அனுப்பிவிட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. நான்கு பேர் நம்பியிருப்பார்கள். அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை, மூடிய பேனாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஜூலை ஒரு மாதத் தொலைவில் இருந்தது. அவள் சொல்லிவிட்டாள். எனக்கு இழக்க என்ன இருந்தது? ஒரு வருஷச் சர்வீஸ்.

எழுந்தேன். “வந்தது உண்மைதான் சார். நான் எழுதல. தெரிஞ்சேதான் கையெழுத்தும் போட்டேன்.”

வைவா நின்றது. குழு போட்டார்கள், குழு கூடியது, வேறொரு தேர்வாளரைத் தேடினார்கள். ஷேர் ஆட்டோவில் இருந்தவர்கள் எல்லோரும் எனக்கு வேண்டியவர்கள் என்பதால் வெளிமாநிலத்தில் தேட வேண்டியிருந்தது. அவருடைய அறிக்கை செப்டம்பரில் வந்தது. அப்பழுக்கில்லாத வேலை என்று எழுதியிருந்தார். பத்மாவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் பட்டமும் சேர்ந்து கிடைத்தன. அந்த ஆராய்ச்சி வேலை ஆகஸ்டிலேயே வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்குத் தடை விதித்தார்கள், இனி ஆய்வேடு பார்க்கக் கூடாது என்று. அது தண்டனையே இல்லை, வேலை மிச்சம்.

தலைவரைப் பிறகு ஒருமுறை சந்தித்தபோது மன்னிப்புக் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “மேடம், அந்தப் பொண்ணு வந்ததுன்னு மே மாசமே ரெண்டு வரி எழுதியிருந்தீங்கன்னா, அந்த வாரமே உங்கள எடுத்துட்டு வேற ஆளப் போட்டிருப்பேன். எச்சரிக்கை அப்பவும் குடுத்திருப்போம். ஆனா ஜூலைக்குள்ள முடிஞ்சிருக்கும்” என்றார்.

வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் அந்த இரண்டு வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தேன். எழுதிப் பார்த்தால் இரண்டு வரிகூட இல்லை. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்து நான் ஒளித்த ஒரு வரிதான் அவள் வேலையைத் தின்றது. அவள் வந்தது தப்பு, உண்மை. அந்தத் தப்பு ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு போயிருக்கும். மிச்சமெல்லாம் என் கணக்கில்.

என் பழைய கட்டுரைக்குத் திருத்தம் எழுதி அதே இதழுக்கு அனுப்பினேன். சூத்திரம் தவறு, சரியானதைக் கண்டவர் இன்னார் என்று அவள் உண்மைப் பெயரைப் போட்டேன். வெளிவந்தது. நாலு பேர் பாராட்டிக்கூட எழுதினார்கள். இந்த வயதில் இவ்வளவு நேர்மையா என்று. அந்தக் கடிதங்களைப் படிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

பத்மா இப்போது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் வேலை பார்க்கிறாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல். வாரத்துக்கு இருபத்திரண்டு மணி நேரம் வகுப்பு. ஆராய்ச்சிக்கு என்ன மிஞ்சும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. போன மாதம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில், தொண்டூர் பஸ்ஸுக்கு அவள் நின்றிருந்தபோது பார்த்தேன். ஒதுங்கிப் போய்விடலாம் என்று கால் திரும்பியது. போகவில்லை.

“பத்மா, என்னாலதாம்மா உன் வேல போச்சு” என்றேன். அதற்கு முன்னால் நான் அதை அவளிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை.

அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அப்படிப்பட்ட பெண் இல்லை. “ஆமா மேடம்” என்றாள். பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். “எனக்கு ஒண்ணுதான் புரியல. உங்க பார்முலா தப்புன்னு உலகத்துக்கே எழுதுனீங்க. அது எவ்ளோ பெரிய விஷயம். ஒரு பொண்ணு வீட்டுக்கு வந்தான்னு ஒரு ஆபீசுக்கு எழுத முடியலியா?”

கணக்கில் தவறினால் ஒப்புக்கொள்ள நமக்குப் பயிற்சி இருக்கிறது. ஒப்புக்கொண்டால் பெருமைகூட வரும். மற்றதற்கு என்னிடம் பயிற்சி இல்லை என்றுதான் பதில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது வேறு.

“நான் இப்ப உனக்கு இன்னா பண்ணணும், சொல்லு” என்றேன்.

பஸ் வந்துவிட்டது. கூட்டம் ஏறியது. அவள் படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு திரும்பினாள்.

“திருத்தம் ஒண்ணு பாக்கி இருக்குது மேடம். அதையும் போட்டுடுங்க.”

இதோ, இங்கே போட்டுவிட்டேன்.